விடுபட்டவர்களின் கணக்கு

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதற்கு விண்ணப்பித்திருந்த பெண்கள் 1.63 கோடி. மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதியானவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டது 1.06 கோடிப் பேரை. ஏறத்தாழ 57 லட்சம் பேருக்கு இல்லை என்று பதில். மேல்முறையீடுகளைப் பரிசீலித்த பிறகு அந்த ஆண்டு நவம்பரிலேயே 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். அதாவது, முதல் சுற்றில் இத்தனை லட்சம் பேர் விடுபட்டிருந்ததை அரசே ஒப்புக்கொண்டது. அந்த எண்ணைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அப்போது நடந்த விவாதமெல்லாம் வேறு: வசதியான வீட்டுப் பெண் யாராவது பட்டியலில் புகுந்துவிட்டாரா, கார் வைத்திருப்பவருக்குப் பணம் போகிறதா, மாநிலத்தின் கஜானா தாங்குமா. தகுதியில்லாத ஒருவர் வாங்கினால் அது செய்தி. தகுதியுள்ள ஒருவர் விடுபட்டால் அது அவருடைய சொந்த மனக்குறை, அவ்வளவுதான்.

நலிந்த குடும்பங்களுக்கு அரசு எப்படிக் கைகொடுப்பது என்பது பற்றிக் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், நம் கவலை தவறான பக்கம் சாய்ந்திருப்பது புரியும். ஏழையைத் துல்லியமாகப் பொறுக்கியெடுக்கும் முயற்சியில் மிச்சமாகிற பணத்தைவிட, அந்த முயற்சியால் ஏழைக் குடும்பங்களுக்கு நேர்கிற சேதம் பெரிது. ஆகவே உணவு, முதியோர் ஓய்வூதியம், பிள்ளைகளின் சாப்பாடு போன்ற அடிப்படை உதவிகளில் எல்லோரையும் உள்ளே வைத்துத் தொடங்குவதும், கண்கூடாக வசதியுள்ளவர்களை மட்டும் வெளியே நிறுத்துவதுமே அறிவார்ந்த வழி என்பது இக்கட்டுரையின் வாதம். ‘நீ ஏழை என்பதற்கு ஆதாரம் காட்டு’ என்று குடும்பத்தைக் கேட்கக் கூடாது. ‘இவர் வசதியானவர்’ என்று காட்டும் பொறுப்பு அரசுடையது.

மகளிர் உரிமைத் தொகையின் விதிகள் இந்தியாவின் பல திட்டங்களைவிடத் தாராளமானவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள். காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 3,600 யூனிட் என்பது மாதத்துக்கு 300 யூனிட். அது ஒரு மீட்டரின் கணக்கே தவிர ஒரு குடும்பத்தின் கணக்கு அல்ல. அப்பா பெயரில் உள்ள ஒரே இணைப்பில் மூன்று மகன்களின் குடும்பங்கள் தனித்தனி அடுப்பு வைத்து வாழும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை? அந்த வீட்டின் மருமகள்கள் மூவருமே மீட்டரின் கண்ணுக்கு வசதியானவர்கள். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்பதும் அப்படியே. கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணின் பெயர் இன்னும் அவன் அட்டையிலேயே இருந்தால், அவளுக்கென்று விண்ணப்பிக்க அட்டை கிடையாது. தாய் வீட்டு அட்டையில் பெயரைச் சேர்த்தாலும் அங்கே ஏற்கெனவே அம்மா வாங்குகிறாள். யாருக்கு உதவி மிகவும் தேவையோ, அவருடைய வாழ்க்கைதான் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காமல் கோணலாக இருக்கிறது. இதற்கு எந்த அதிகாரியின் அலட்சியமும் காரணமில்லை. நலிவு என்பதே அப்படிப்பட்டது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. 1997-ல் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. மானியத்தை ஏழைகளிடம் மட்டும் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2005-ல், திட்டக் குழுவே வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை, மத்தியத் தொகுப்பிலிருந்து மானிய விலையில் கொடுத்த தானியத்தில் 58 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை என்றது. அடையாளம் காண்பதில் நேர்ந்த பிழைகளும் அதற்கான காரணங்களில் ஒன்று. அதற்கு முன்பே, 2002-ல், பொருளியலாளர் அபிஜித் சென் தலைமையிலான குழு எல்லோருக்குமான விநியோகத்துக்கே திரும்பலாம் என்று பரிந்துரைத்திருந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருமானத்தை நேரடியாக அளக்க முடியாத நாடுகளில், கூரை எதனால் வேய்ந்தது, தொலைக்காட்சி உண்டா, எத்தனை பிள்ளைகள் என்பவற்றை வைத்து வறுமையை ஊகிக்கும் புள்ளியியல் முறையை உலக வங்கி பல இடங்களில் பரப்பியது. ஆப்பிரிக்காவின் ஒன்பது நாடுகளில் அந்த முறையைச் சோதித்துப் பார்த்த கெய்ட்லின் பிரவுன், மார்ட்டின் ராவல்லியன், டொமினிக் வான் டி வால் ஆகியோர் 2018-ல் வெளியிட்ட முடிவு: ஏழையல்லாதவர்களை வடிகட்ட அது உதவுகிறது, ஆனால் கூடவே ஏழைகளில் பலரையும் வெளியே தள்ளுகிறது. இத்தனை கணக்குப் போடாமல், எளிய அடையாளங்களை வைத்துக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான் கிடைக்கிறது.

பட்டியல் தயாரான அன்று சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது எத்தனை நாளைக்குச் சரியாக இருக்கும்? ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணா இந்தியா, கென்யா, உகாண்டா, பெரு, அமெரிக்காவின் வட கரோலினா ஆகிய இடங்களில் 35,000 குடும்பங்களின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பார்த்தார். ஒரே காலகட்டத்தில் சில குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தபோது, வேறு சில குடும்பங்கள் புதிதாக அதில் விழுந்துகொண்டிருந்தன. விழுந்ததற்கான காரணங்களில் முன்னே நின்றது நோய்: மருத்துவச் செலவு, அதற்கு வாங்கிய கடன், சம்பாதிப்பவர் படுத்துவிட்டதால் நின்றுபோன கூலி. ‘ஏழைகள்’ என்று ஒரு நிலையான கூட்டம் எங்கோ தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. வாசல் வழியாகப் போவோரும் வருவோருமாகத்தான் இருக்கிறார்கள். நாமோ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பை இன்னும் 2011 மக்கள்தொகையை வைத்தே கணக்கிடுகிறோம். அந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு கொள்ளைநோய் வந்து போயிருக்கிறது.

இலங்கையில் இது இன்னும் கொடூரமாக வெளிப்பட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் அந்நாட்டின் வறுமை ஒரே ஆண்டில் சுமார் 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக, ஏறக்குறைய இரட்டிப்பானது என்று உலக வங்கி கணித்தது. அங்கே ஏற்கெனவே இருந்த சமுர்த்தி நலத்திட்டத்தின் பட்டியலில் கட்சிக்காரர்களின் கைவரிசை இருக்கிறது என்ற புகார் நெடுங்காலமாகவே உண்டு. அது பொய்யும் அல்ல. அதைச் சரிசெய்ய 2023-ல் வந்த ‘அஸ்வெசும’ திட்டம், கட்சிக்காரரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் புள்ளிகளை வைத்தது. குடும்பங்களைக் குறியீடுகளால் மதிப்பிட்டு நான்கு படிகளாகப் பிரித்தது. பட்டியல் வெளியானதும் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தெற்கிலும் பிரதேச செயலகங்களின் முன் மக்கள் திரண்டார்கள். வந்து குவிந்த மேன்முறையீடுகள் பத்து லட்சத்தை நெருங்கின. நாட்டில் கால்வாசிப் பேர் வறுமையில் விழுந்துகிடக்கும் நேரத்தில், அவர்களுக்குள் யார் அதிகம் விழுந்தவர் என்று அளவுகோலை நீட்டினால் வேறென்ன நடக்கும்? அரசியல்வாதியிடம் முறையிடவாவது ஒரு முகம் இருந்தது. புள்ளிக் கணக்கிடம் யார் போய் என்ன சொல்வது?

தொழில்நுட்பம் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்பது இன்று மிகப் பரவலான நம்பிக்கை. இதற்கு நம்மிடம் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது. ஜார்க்கண்டில் ரேஷன் கடைகளில் ஆதார் விரல் ரேகைச் சரிபார்ப்பு கொண்டுவரப்பட்டதன் விளைவை, கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் பத்து மாவட்டங்களில் பெரிய அளவில் சோதனை நடத்தி அளந்தார்கள். இவர்கள் ஆதாருக்கு எதிரிகள் அல்லர். ஆந்திரத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலியைக் கைரேகை அட்டை வழியே கொடுத்ததால் நல்ல பலன் கிடைத்ததாக முன்பு எழுதியவர்களே. ஜார்க்கண்டில் அவர்கள் கண்டது வேறு. விரல் ரேகையால் கசிவு குறையவில்லை. பொருள் வாங்க மக்கள் செலவழித்த நேரமும் காசும் கூடின. அட்டையில் ஒருவரது ஆதார்கூட இணைக்கப்படாத குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சுமார் பத்து சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் ‘போலி’ என்று சொல்லி நீக்கப்பட்ட அட்டைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தால், அவற்றில் பத்தில் ஒன்பது அளவுக்கு உண்மையான குடும்பங்களுடையவை. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, பட்டினியால் இறந்தாள் என்று தாய் சொன்னார். மலேரியா என்றது அரசுத் தரப்பு. ஆதாரை இணைக்காததால் அந்த வீட்டு ரேஷன் அட்டை ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை.

நம் ஊர் ரேஷன் கடையின் முன் வரிசையில் நிற்பவர்களுக்கு இந்த ஆய்வு முடிவு புதிதல்ல. விற்பனையாளர் கையடக்க இயந்திரத்தை ஜன்னல் வழியே நீட்டுவார், பாட்டி கட்டைவிரலை வைப்பார், விழாது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். அடுத்து ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. நாற்று நட்டும் பீடி சுற்றியும் மீன் உலர்த்தியும் தேய்ந்த விரலில் கோடு இருந்தால்தானே இயந்திரம் படிக்கும்? பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ‘பேரனை அனுப்பு பாட்டி’ என்பார் கடைக்காரர். பேரன் திருப்பூரிலோ ஓசூரிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பான். இந்தச் சிரமத்தை ஒருவாறு உணர்ந்துதான் 2025 ஆகஸ்டில் 70 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் வந்தது. வரவேற்கத்தக்கது. ஆனால் கடையில் நாமே ஒரு தடையை வைத்துவிட்டு, அதைத் தாண்ட முடியாதவர்களுக்காக இன்னொரு திட்டம் போடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எல்லோருக்கும் என்று தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1997-ல் நாடே பட்டியல் போட்டுப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. இங்கே அரிசி அட்டைக்கு வருமானச் சான்று கேட்பதில்லை. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம், எதுவுமே வேண்டாதவருக்கும் ஓர் அட்டை உண்டு. 2004-05 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்துப் பொருளியலாளர் ரீத்திகா கெரா செய்த கணக்கீட்டில், நாடு முழுவதும் விநியோக தானியத்தில் பாதிக்கு மேல் வழியில் காணாமல் போயிருந்தது. தமிழ்நாட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த முரண் யோசிக்க வேண்டியது. ஏழைக்கு மட்டும் என்று வேலி போட்ட மாநிலங்களில் திருட்டு அதிகம். வேலியே போடாத மாநிலத்தில் குறைவு. காரணம் மாயமல்ல. கடையில் வாத்தியார் வீட்டு அட்டையும் இருக்கிறது, வார்டு உறுப்பினர் வீட்டு அட்டையும் இருக்கிறது. பருப்பு வரவில்லை என்றால் சத்தம் போடத் தெரிந்தவர்கள் அதே வரிசையில் நிற்கிறார்கள். அந்தச் சத்தத்தின் பலன் சத்தம் போட முடியாதவருக்கும் சேர்கிறது. இங்கும் ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக எல்லை தாண்டுவது உண்டு. அந்தக் கடத்தலை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது கடத்தல்காரனைப் பிடிப்பதற்கான காரணமே தவிர, அட்டையைப் பறிப்பதற்கான காரணம் அல்ல. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவிலும் 2022-ல் தொடங்கிய காலை உணவிலும் இதே தர்க்கம்தான். தட்டை நீட்டும் பிள்ளையிடம் அப்பாவின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் ஒன்று உண்மையிலேயே கனமானது. பொருளியலாளர்கள் ரெமா ஹன்னாவும் பெஞ்சமின் ஓல்கனும் 2018-ல் இந்தோனேசியா, பெரு நாடுகளின் தரவுகளை வைத்து, கையில் இருக்கும் தொகை மாறாது என்றால், அதை எல்லோருக்கும் தூவுவதைவிட ஏழைகளை முடிந்தவரை அடையாளம் கண்டு ஆளுக்கு அதிகமாகக் கொடுப்பதே மொத்த நலனைக் கூட்டும், தேர்வில் பிழைகள் இருந்தாலும்கூட, என்று காட்டினார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் ‘தொகை மாறாது என்றால்’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஏழைக்கு மட்டுமான திட்டத்தின் தொகை மாறாமல் நிற்பதில்லை, தேய்கிறது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தைப் பாருங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு மட்டுமான அதில் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 2007-ல் மாதம் 200 ரூபாய். இன்றும் 200 ரூபாய்தான். கேட்க ஆளில்லாத மக்களின் பணத்தைக் கூட்டாமல் விட்டால் எந்தத் தேர்தலிலும் தோல்வி வராது. 1998-ல் வால்டர் கோர்பி, யோக்கிம் பால்மே என்ற சுவீடன் ஆய்வாளர்கள் மேலை நாடுகளை ஒப்பிட்டு, ஏழைகளை மட்டும் குறிவைத்த நாடுகளைவிட எல்லோரையும் சேர்த்துக்கொண்ட நாடுகளே ஏற்றத்தாழ்வை அதிகம் குறைத்தன என்று எழுதினார்கள். பிந்தைய தரவுகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. 200 ரூபாயைப் பார்த்த பிறகு, இந்தியாவைப் பொறுத்தவரை எனக்கு அதில் பெரிய சந்தேகம் இல்லை.

தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமை 2.2 சதவீதம்தான் என்று நிதி ஆயோக் சொல்கிறதே, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறியீடு கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு, பள்ளிப் படிப்பு போன்றவற்றின் இன்மையை அளப்பது. வங்கிக் கணக்கு இருக்கிறது என்று தெரியும். அதில் பணம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கணவனுக்கு ஒரு டயாலிசிஸ் என்றால் நகைக் கடன் வாங்கப் போகும் குடும்பம் அந்த 2.2 சதவீதத்தில் இல்லை. வசதியானவர்களுக்கும் போய்விடுகிறதே என்ற கவலைக்கு, அவர்களிடமிருந்து திரும்ப வாங்க வருமான வரி என்றொரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் நிறுவன வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக ஒன்றிய நிதியமைச்சரே அறிவித்தார். உரிமைத் தொகைக்குத் தமிழ்நாடு ஓர் ஆண்டில் ஒதுக்கியது சுமார் 13,800 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணம் இல்லை என்ற பேச்சு எந்தப் பக்கத்தில் மட்டும் எழுகிறது என்பது தெரியும். கொடுத்தால் குடித்துவிடுவார்கள், சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பழைய பல்லவிக்கு நீண்ட பதில் தேவையில்லை. டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ரொக்க உதவியால் மது, புகையிலைச் செலவு கூடவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஆறு நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளில் உழைப்பு குறைந்ததற்கும் சான்றில்லை.

மிக நலிந்த குடும்பங்களைத் தனியே கண்டுபிடிக்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-ல் தொடங்கிய முறையில், கடைக்கோடிக் குடும்பத்துக்கு ஆடோ மாடோ கொடுத்து, கொஞ்ச நாள் சாப்பாட்டுச் செலவும் தந்து, வாரா வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து கூட நிற்கிறார். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. உதவி நின்ற ஓராண்டு கழித்தும் அவர்களின் வரும்படியும் சாப்பாடும் முன்பைவிட மேலாகவே இருந்தன. மேற்கு வங்கத்தில் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் கரையவில்லை. இத்தகைய கூடுதல் உதவிக்குத் தேர்வு அவசியம். ஆனால் அங்கே ஊர் மக்களை உட்காரவைத்துக் கேட்டு, பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். தவிர, விடுபட்டவருக்கு அடிப்படை உதவி அப்படியே இருக்கும்போது, கூடுதல் உதவியில் நேரும் பிழை ஒருவரை அழித்துவிடாது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய சித்தாந்த மாற்றம் எதையும் கேட்பவை அல்ல. மின் மீட்டர் போன்ற மறைமுக அளவுகளைக் கைவிட்டு, வருமான வரி செலுத்துவது, நிரந்தர அரசு வேலை என்று அரசின் கையிலேயே இருக்கும் இரண்டொரு தகவல்களோடு விலக்கலை நிறுத்திக்கொள்ளலாம். கணவனைப் பிரிந்த பெண்ணின் சொந்த உறுதிமொழியே தனி அட்டைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். விரல் விழாவிட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே நாளில் பொருளைக் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெயரையும் அலுவலகக் கணினியில் இருந்தபடியே நீக்கக் கூடாது. தணிக்கையில் தகுதியற்றோர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே விடுபட்டோர் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். அதற்காகச் சில நூறு கிராமங்களில் பட்டியலில் இல்லாத வீடுகளின் கதவை ஆண்டுதோறும் தட்ட வேண்டும். இத்தனை லட்சம் போலி அட்டைகளை ஒழித்துவிட்டோம் என்று ஒரு துறை அறிவிக்கும்போது, அவற்றில் எத்தனை வீடுகளுக்கு ஆள் நேரில் போய்ப் பார்த்தார் என்று சட்டமன்றத்தில் ஒருவர் கேட்க வேண்டும். அமைச்சர் எழுந்து சொல்லும் எண் அவைக்குறிப்பில் ஏற வேண்டும்.